எந்த விமானத்தில் போகலாம்? – ஒரு வரலாற்றுப் பார்வை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் வாழும் வீடுகள் புணே தமிழர்களிடையே பல. பெண்ணுக்குப் பிரசவம், பேரனுக்கு ஆண்டு நிறைவு, மகனுக்குப் புதுமனை என்று ஏதாவது ஒரு காரணத்தால் எழுபது வயதில் அப்பா அம்மா எகானமி வகுப்பில் இருபது மணி நேரம் பயணம் செய்கிறார்கள். அப்போது எழும் முதல் கேள்வி, "எந்த ஏர்லைன்ஸ்ல போறது?" என்பது. பதில் பெரும்பாலும் "எது சீப்போ அது" என்று முடிந்துவிடுகிறது. விலை பார்த்து விமானம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எப்படி வந்தது, அதற்கு ஈடாக நாம் எதைக் கொடுத்தோம் என்று சற்றே திரும்பிப் பார்த்தால், இந்தக் கேள்வியையே வேறு விதமாகக் கேட்கத் தோன்றும்.

மதராசும் பூனாவும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தை ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய சகா நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டு சென்றார். ஆக, டாட்டா விமான சேவையின் முதல் தடம் முடிந்த இடம் நம் மதராஸ்தான். பூனாவுக்கும் இதில் பங்கு உண்டு. மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் தண்ணீரில் மூழ்கிவிடும் என்பதால், அந்த மாதங்களில் விமானங்கள் பூனாவுக்கு இடம் மாறி, எரவாடா சிறைச்சாலைக்கு அருகே இருந்த மைதானத்தில் இறங்கி ஏறின.

இந்தச் சேவையின் வழிவந்த ஏர் இந்தியா இன்டர்நேஷனல், 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானத்தைப் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு அனுப்பியது. 1960-ல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்து, அதே ஆண்டு நியூயார்க் வரை சேவை நீண்டது.

கட்டணம் ஒன்றே, உபசாரம் வேறு

அந்நாளில் டிக்கெட் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1945-ல் ஹவானாவில் உருவான ஐயாட்டா அமைப்பில் விமான நிறுவனங்கள் கூடிக் கட்டணத்தை முடிவு செய்யும். அரசாங்கங்கள் அதற்கு ஒப்புதல் தரும். ஒரே தடத்தில், ஒரே வகுப்பில், யாரிடம் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை. எனவே போட்டி முழுவதும் உபசாரத்தில்தான். ஏர் இந்தியாவின் மகாராஜா குனிந்து வணங்கியது சும்மா இல்லை!

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1958-ல் அட்லாண்டிக் தடத்தில் எகானமி வகுப்பு அறிமுகமானபோது, அதில் எளிமையான சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். ஒரு ரொட்டித் துண்டின் மேல் விருந்தையே அடுக்கி, "இதுவும் சாண்ட்விச்தான்" என்றது. பான் ஆம் புகார் செய்ய, எஸ்.ஏ.எஸ்.-க்கு 20,000 டாலர் அபராதம் விழுந்தது.

அன்று விலை எல்லோருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நடுத்தரக் குடும்பத்தின் தாத்தா பாட்டி பேரனைப் பார்க்கக் கடல் கடந்து பறப்பது அபூர்வம்.

விலை இறங்கியது, இருக்கை சுருங்கியது

1978-ல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானத் துறையின் கட்டுப்பாடுகளை நீக்கியது. அந்தக் காற்று மெல்ல உலகெங்கும் வீசியது. 1985 அக்டோபரில் எமிரேட்ஸ் தொடங்கியபோது, அதன் முதல் தடங்களில் பம்பாயும் இருந்தது. மும்பையிலிருந்து துபாய் வர ஓர் உரிமை, துபாயிலிருந்து நியூயார்க் போக இன்னோர் உரிமை; இரண்டையும் இணைத்தால் மும்பை – நியூயார்க் பயணி கிடைத்துவிடுகிறார். பிராங்பர்ட்டும் லண்டனும் முன்பே செய்த வேலையை வளைகுடா நகரங்களும் எடுத்துக்கொண்டன. 2005-ல் இந்தியாவும் அமெரிக்காவும் திறந்த வான் ஒப்பந்தம் செய்தபின் நேரடி விமானங்களும் பெருகின. போட்டி வந்தது, விலை இறங்கியது. நம் பெற்றோர் பறப்பது இதனால்தான்.

ஆனால் ஈடு கொடுத்தோம். 1995-ல் சேவைக்கு வந்த போயிங் 777-ல் எகானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் வைப்பதே பரவலாக இருந்தது. பின்னாளில் பல நிறுவனங்கள் பத்தாக்கின. இருக்கையின் அகலம் சுமார் 18 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வரிசைக்கு எட்டு என்று நினைத்து வடிவமைத்த போயிங் 787-லும் பெரும்பாலோர் ஒன்பது வைத்தார்கள். ஏர்பஸ் ஏ-350-ல் ஒன்பது வைத்தாலும் பொதுவாக 18 அங்குலம் கிடைக்கும். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். பதினாலு மணி நேரம் உட்கார்ந்த முழங்காலிடம் கேட்டுப் பாருங்கள்!

இன்னொரு ஈடு, நிச்சயமின்மை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-லும் பறப்பதை நிறுத்தின. டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

புணேக்காரர் கணக்கு

நமக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. லோகேகாவ் விமானப்படைத் தளம். ஓடுதளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். முழு எரிபொருளோடு அமெரிக்காவுக்குக் கிளம்பும் பெரிய விமானத்துக்கு அது போதாது. 2024 ஜூலையில் புதிய முனையம் செயல்படத் தொடங்கியபோதும் இந்த நிலை மாறவில்லை. ஆகவே மும்பைக்குச் சாலை வழி, அல்லது இங்கிருந்தே டில்லி போன்ற நகரத்துக்கு ஏறி அங்கே மாறுவது. 2002-ல் முழுமையடைந்த எக்ஸ்பிரஸ்வே வழியைச் சுருக்கியது. ஆனாலும் மழைக்காலத்தில் காட் பாதையில் மண் சரிந்தால் நேரக் கணக்கு தப்பிவிடும். 2025 டிசம்பரில் நவி மும்பை நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து நீண்ட தூர விமானங்கள் பெருகப் பெருக நமக்கு நன்மைதான்.

ஆகவே விலையைப் பார்க்குமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை மொத்தம் எத்தனை மணி நேரம்? இரண்டாவது, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா? இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தப்பினாலும் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு; மலிவுக்காகத் தனித்தனியாக வாங்கினால் அது உங்கள் தலையில். மூன்றாவது, எந்த ரக விமானம், வரிசைக்கு எத்தனை இருக்கை? நான்காவது, மாறும் நகரத்தில் எவ்வளவு அவகாசம், அங்கே டிரான்சிட் விசா வேண்டுமா? இந்த விதி அடிக்கடி மாறுவதால் ஒவ்வொரு முறையும் விசாரிக்கணும். சக்கர நாற்காலியும் சைவ உணவும் டிக்கெட் வாங்கும்போதே பதிவு செய்ய வேண்டியவை.

தனக்காகப் போகும் இளைஞர் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து இரண்டு இடத்தில் மாறட்டும், தப்பில்லை. மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் வாயில் எண்ணைத் தேடப்போவது அம்மா என்றால், அந்தப் பத்தாயிரம் மிச்சம் இல்லை, கடன். ஒரு காலத்தில் விலையை அரசாங்கங்கள் தீர்மானித்தன, உபசாரத்தை விமானக்காரர் பார்த்துக்கொண்டார். இன்று விலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில். அம்மாவின் சௌகரியத்தைப் பார்க்கும் பொறுப்பும் அதோடு சேர்ந்தே நம்மிடம் வந்திருக்கிறது.