ஏரிக்கரையில் 600 சதுர அடி



சென்ற வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது அவருக்கே கல்லூரி செல்லும் மகள் இருக்கிறாள். தி.நகரில் 38 வருஷத்துப் பழைய அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட் விலைக்கு வருகிறதாம். "சார், நீங்களும் மேற்கு மாம்பலத்துல பழைய கட்டடத்துலதானே இருக்கீங்க. சுவரைத் தட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. வாங்கலாமா?" என்று கேட்டார். உறவிலும் இரண்டு பேர் இதே யோசனையில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். ஆயுள் சேமிப்பைப் போடும் விஷயம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தில் வீடு வாங்குகிறவர் சுவரை வாங்குவதில்லை. நிலத்தில் ஒரு பங்கை வாங்குகிறார். அந்த நிலத்தின் பழைய கதையும், அதே நிலத்தில் பங்குள்ள மற்றவர்களும் அதோடு சேர்ந்தே வருகிறார்கள். இதற்கு தி.நகர், மாம்பலத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

நாமெல்லாம் மதுராந்தகம் பக்கத்து ஆட்கள். ஏரி என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கரை, மதகு, கலங்கல் எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். இன்றைக்கு நகைக்கடையும் துணிக்கடையுமாக இருக்கும் தி.நகரும் அப்படி ஒரு ஏரி இருந்த இடம்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீளமாகக் கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள்.

1920ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரத்தில் ஜனம் பெருகிவிட்டது, வீடு போதவில்லை. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியின் இந்தப் பகுதியை வற்றவைத்து மனை போட்டார்கள். 1923 முதல் 1925 வரை நடந்த வேலை இது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் 1925ல் காலமானார். அவர் பெயரே ஊருக்கு வந்தது. நடுவில் இருக்கும் பூங்கா பனகல் அரசர் பெயரில் இருக்கிறது. உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, பசுல்லா ரோடு, நடேசன் பூங்கா என்று சுற்றி வந்தாலே அந்தக் கால அரசியல் தலைவர்கள், அதிகாரிகள் பட்டியலைப் படித்த மாதிரி இருக்கும்.

ஏரி போய்விட்டாலும் அதன் பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முன்பு ஏரி தெரிந்தது என்று அந்தப் பெயரே சொல்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. அதன் அருகே லேக் ஏரியா. தெருப் பெயரும் ஒரு வரலாற்று ஆவணம் என்று நான் வகுப்பில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம்.

பெயருக்கு இருக்கும் ஞாபகம் தண்ணீருக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்வீட்டு அம்மா, ரயில்வேயில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி, எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு நாள் தங்கினார். 2021 நவம்பர் மழையிலும் தி.நகர், மாம்பலம் தெருக்களில் தண்ணீர் நின்றது. மாம்பலம் கால்வாயைத் தூர்வாரவில்லை, அகலம் குறைந்துவிட்டது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அவை உண்மையான காரணங்களே. ஆனால் அடிப்படைக் காரணம் நமக்குத் தெரியும். பள்ளத்தில்தான் ஏரி இருக்கும், பள்ளத்தைத் தேடித்தான் தண்ணீர் வரும்.

சரி, ஏரியில் போட்ட மனையில் அடுக்குமாடி எப்படி வந்தது? முதலில் வந்தவை தோட்டம் வைத்த தனி வீடுகள். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்ட பிறகு மாம்பலத்தில் குடியேறியவர்கள் அதிகம். கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோக்கள் வந்ததும் சினிமாக்காரர்கள் தி.நகரில் வீடு வாங்கினார்கள். நடிகர் திலகம் வீடு இருக்கும் தெற்கு போக் ரோடு இப்போது செவாலியே சிவாஜி கணேசன் சாலை.

அந்த வீடுகளைக் கட்டியவர்களின் பிள்ளைகள் காலத்தில் நிலைமை மாறியது. ஒரு வீட்டுக்கு நான்கைந்து வாரிசுகள். ஒருவர் டெல்லியில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டை நான்காக வெட்ட முடியாது. 1978ல் தமிழ்நாட்டில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது (1999ல் அதை நீக்கிவிட்டார்கள்). பெரிய மனையைச் சும்மா வைத்திருப்பவர்களுக்கு அதனால் ஒரு பயம். இந்தச் சமயத்தில் பில்டர்கள் வந்தார்கள். நிலம் உங்களுடையது, கட்டும் செலவு எங்களுடையது, வரும் ஃப்ளாட்டுகளைப் பிரித்துக்கொள்வோம் என்றார்கள். 1970களில் ஆரம்பித்து 1980களில் தெருவுக்கு நான்கு என்று இப்படி எழுந்தன. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், லிஃப்ட் கிடையாது. நாங்கள் இருக்கும் கட்டடமும் 1986ல் அப்படி வந்ததுதான். நான் ஓய்வுபெற்ற பணத்தையும் ஊரில் மனை விற்ற பணத்தையும் சேர்த்து, மகன் வேலைக்குப் பக்கம் என்று இங்கே இரண்டாவது மாடியில் வாங்கினோம்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். எங்கள் ஃப்ளாட்டின் முதல் பத்திரத்தைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கூடம், சமையலறை, படுக்கையறை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'இரண்டு கிரவுண்டு மனையில் எட்டில் ஒரு பாகம், பிரிக்கப்படாத 600 சதுர அடி' என்று மட்டும் இருக்கும். இதைத்தான் யு.டி.எஸ். என்கிறார்கள். அந்தக் காலத்தில் நிலப் பங்கை மட்டும் பதிவு செய்துவிட்டு, வீடு கட்டித் தருவதற்குத் தனியாக ஒப்பந்தம் போடுவது வழக்கம். 2023 டிசம்பர் முதல்தான் தமிழ்நாட்டில் புது ஃப்ளாட்டுகளுக்கு நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்தது. பழைய பத்திரம் எழுதியவர்கள் ஒரு விதத்தில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். கட்டடம் தேயும், நிலம் நிற்கும்.

சுவரைத் தட்டிப் பார்ப்பதால் அதிகம் தெரியாது என்பது இதனால்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பாருங்கள். ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் அது உப்பும். உப்பினால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். எனவே மொட்டை மாடி, குளியலறைக்கு அடியில் உள்ள கூரை, பால்கனியின் அடிப்பக்கம், தரைத்தளத் தூண்கள், இந்த நான்கையும் பாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப் போவது அதைவிட நல்லது.

இனி ஒரு கணக்கு. நான்காம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு 4800. எட்டு வீடு என்றால் ஆளுக்கு 600 சதுர அடி நிலம். மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். முன்பு அது ஒன்றரை மடங்கு. 4800க்கு ஒன்றரை மடங்கு 7200. எட்டு வீடு, வீட்டுக்கு 900 சதுர அடி. 2019ல் வந்த கட்டட விதிகளில் அதை இரண்டு மடங்காக உயர்த்தினார்கள். இப்போது அதே மனையில் 9600 கட்டலாம்.

பழைய கட்டடங்களைத் தேடி பில்டர்கள் மறுபடி வருவது இந்தக் கூடுதல் 2400 சதுர அடிக்காகத்தான். "உங்கள் எட்டு பேருக்கும் அதே 900 அடியில் புது வீடு இலவசம். லிஃப்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. மீதியை நாங்கள் விற்றுக்கொள்கிறோம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மீதி வீடுகளை வாங்க வருகிறவர்களுக்கும் நிலத்தில் பங்கு கொடுக்க வேண்டுமல்லவா? 9600ல் 2400 என்பது கால் பங்கு. ஆகவே நிலத்திலும் கால் பங்கு போகும். உங்கள் 600 சதுர அடி 450 ஆகிவிடும். வீடு இலவசம் இல்லை. 150 சதுர அடி தி.நகர் நிலம் கொடுத்து வாங்கிய வீடு அது. கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் பங்காளிகள். கிராமத்தில் பங்காளி என்றால் ரத்த உறவு, கிணற்றில் பங்கு, வரப்பில் சண்டை. அடுக்குமாடியில் ரத்த உறவு இல்லை, மற்றதெல்லாம் உண்டு. ஒரே கிணற்றுக்குப் பதில் ஒரே போர், ஒரே தொட்டி, ஒரே மொட்டை மாடி. இதற்கும் சட்டம் இருக்கிறது. 1994ல் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர்கள் சட்டம் போட்டார்கள். அதற்குப் பதிலாக 2022ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2024ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு ஒருவர் மறுத்தாலே வருஷக்கணக்கில் நிற்கும். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் தேவைதான். எட்டு வீட்டில் மூன்றில் இரண்டு என்றால் ஆறு கையெழுத்து.

எங்கள் கட்டடத்தில் ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். ஆறாவது கையெழுத்து என்னுடையது. அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு யோசித்திருக்கிறேன்.

என் மனைவிக்கு முழங்கால் வலி. இரண்டு மாடி ஏறி இறங்குவது அவளுக்குத் தண்டனை. லிஃப்ட் வந்தால் எங்களுக்கு நல்லதுதான். ஆனால் கீழ்வீட்டு அம்மாவுக்கு 78 வயது. "ரெண்டு வருஷம் வெளியில வாடகைக்குப் போயிட்டு நான் திரும்பி வருவேனா சார்?" என்று கேட்கிறார். அதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. ஐந்து பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் வீட்டில் கூரைக் காரை பெயர்ந்து குழந்தை படுக்கும் கட்டிலில் விழுந்தது. அவர் அவசரமும் நியாயம்தான்.

நான் அவர்களைக் கூட்டி மூன்று விஷயம் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். ஒன்று, இரண்டு வருஷ வாடகையை முன்கூட்டியே ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் போட வேண்டும், மாதா மாதம் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம். இரண்டு, புதுக் கட்டடத்தில் தரைத்தளம் கார் நிறுத்தப் போய்விடும், எனவே அந்த அம்மாவுக்கு முதல் மாடி என்று பெயர் போட்டு எழுத வேண்டும். மூன்று, நிலப் பங்கு 600லிருந்து எவ்வளவாகக் குறைகிறது என்பதை எண்ணால் எழுத வேண்டும். முதல் இரண்டுக்கும் பில்டர் சரி என்றுவிட்டார். மூன்றாவதற்கு "அதெல்லாம் பத்திரத்தில் பார்த்துக்கலாம் சார்" என்கிறார். எண் வரும்வரை பேனாவைத் திறப்பதாக இல்லை.

நீங்கள் வாங்கப் போகும் இடத்தில் செய்ய வேண்டியவை:

1. தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாப் பத்திரங்களையும் ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று பாருங்கள். எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்று கணக்குப் போடுங்கள்.

2. வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி ரசீது. வரைபடத்தில் மூன்று மாடி இருந்து கண்ணுக்கு நான்கு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. மழை நாளில் போய்ப் பாருங்கள். 2015ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர் சொல்வார்.

4. இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறதா, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள். வாங்கிய மறுமாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டி வரலாம்.

5. ஒரு மாலை நேரம் போய் அங்கே இருக்கிறவர்களுடன் பேசுங்கள். அவர்களோடுதான் நீங்கள் நிலத்தைப் பங்கு போடப் போகிறீர்கள். அதில் வயதானவர் யாராவது இருந்தால், அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ரயில் நிலையம், கோயில், காய்கறிக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. வயதான காலத்தில் அதன் அருமை தெரியும்.

பயன்படும் என்று நினைப்பவர்கள் வீடு தேடும் நண்பர்களுக்கு அனுப்புங்கள். விவரம் ஏதாவது சேர்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், வக்கீல் ஆன மாணவர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.