கொறடா ஆணையும் ஏலமலைத் தொகுதியும்: தங்க தமிழ்ச்செல்வனின் கட்சி மாற்றம், 2001–2024

2021 சட்டமன்றத் தேர்தலில் போடிநாயக்கனூரில் மோதிய இரண்டு முக்கிய வேட்பாளர்களும் அதிமுகவில் வளர்ந்தவர்கள். அதிமுகவின் இரட்டை இலையில் ஓ. பன்னீர்செல்வம் நின்றார், திமுகவின் உதயசூரியனில் தங்க தமிழ்ச்செல்வன் நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஆறு மாத இடைவெளியில், இருவரும் தத்தம் முறை வந்தபோது எடப்பாடி பழனிசாமி அரசை எதிர்த்தவர்கள். எதிர்த்து வாக்களித்த பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். ஆளுநரிடம் கடிதம் கொடுத்த தமிழ்ச்செல்வனுக்கு எம்எல்ஏ பதவி போனது. தமிழ்ச்செல்வனின் அரசியல் வாழ்வை ஆராய்பவர் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்சி மாறாதபோது அவரைத் தண்டித்த சட்டம், அவர் உண்மையிலேயே கட்சி மாறியபோது வாய் திறக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் நாராயணத்தேவன்பட்டிக்காரரான அவர் மாநில அளவில் அறியப்பட்டது 2001-இல். அந்தத் தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிபட்டி உள்ளிட்ட நான்கு தொகுதிகளில் தாக்கல் செய்த மனுக்களும் தள்ளுபடியாயின. ஆண்டிபட்டியில் அதிமுகவுக்காக நின்று வென்றவர் தமிழ்ச்செல்வன். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழக்க, அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர் பெரியகுளம் எம்எல்ஏ பன்னீர்செல்வம். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா போட்டியிட தமிழ்ச்செல்வன் தொகுதியை விட்டுக்கொடுத்தார். மார்ச்சில் பன்னீர்செல்வம் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். தேனி என்ற ஒரே மாவட்டத்தின் இருவர், ஒரே தலைவிக்காக, சில மாதங்களுக்குள் செய்த காரியங்கள் இவை. தமிழ்ச்செல்வனுக்கு மாநிலங்களவை கிடைத்தது. பின்னர் 2011-லும் 2016-லும் ஆண்டிபட்டியில் வென்றார். பன்னீர்செல்வம் 2011-இல் போடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் போடிநாயக்கனூருக்கு இடம் மாறினார்.

அதிமுகக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் கதை போடிக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரண்டாகப் பிளந்த அதிமுக 1989-இல் தனித்தனியே களமிறங்கியபோது, சேவல் சின்னத்தில் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானது இங்கிருந்துதான். அவரை எதிர்த்த ஜானகி அணி வேட்பாளர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவுக்காக அன்று தேர்தல் வேலை பார்த்தவர் பன்னீர்செல்வம். அதை அவருடைய பிற்காலப் போட்டியாளர்கள் மேடைதோறும் நினைவூட்டத் தவறியதில்லை. எனினும் அந்தப் பிளவுக்கும் 2017-இல் நடந்ததற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் அதைப் பிளவு என்று ஏற்றுக்கொண்டது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

அடைத்த கதவின் முன்தான் 2017 நிகழ்ந்தது. பிப்ரவரி 7 இரவு பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்தார். கட்சித் தலைமைக்கு எதிரான அவருடைய ‘தர்மயுத்தம்’ தொடங்கியது. பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வர் எடப்பாடிக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்த 11 பேரில் ஒருவர் பன்னீர்செல்வம், 122 பேரில் ஒருவர் தமிழ்ச்செல்வன். ஆகஸ்ட் 21-இல் பன்னீர்செல்வம், எடப்பாடி அணிகள் இரண்டும் இணைந்தன. மறுநாளே, அந்த இணைப்பை எதிர்த்த அதிமுகவின் டி.டி.வி. தினகரனுடைய ஆதரவு எம்எல்ஏக்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவிடம், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனிக் கடிதம் கொடுத்தனர். பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18-இல் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அவர்களில் தமிழ்ச்செல்வனும் ஒருவர்.

கொறடா ஆணையை மீறி வாக்களிப்பது பத்தாம் அட்டவணையின் நேரடிக் குற்றம். கட்சி உறுப்பினர் பதவியைத் ‘தாமாக முன்வந்து விட்டுவிடுவது’ இன்னொரு குற்றம். 11 பேர் மீது இருந்த புகார் முதல் வகை, 18 பேர் மீது இருந்தது இரண்டாம் வகை. யாரும் ராஜினாமா செய்யவில்லை, வேறு கட்சியில் சேரவில்லை. நடத்தையிலிருந்தே கட்சியை விட்டுவிட்டதாக ஊகிக்கலாம் என்ற பழைய தீர்ப்புகளின் மேல்தான் தகுதிநீக்க ஆணை நின்றது. எடியூரப்பாவுக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த கர்நாடக எம்எல்ஏக்களின் தகுதிநீக்கத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை 18 பேரும் துணைக்கு அழைத்தார்கள். 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டாகப் பிரிந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25-இல் செல்லும் என்று முடித்துவைத்தார். 11 பேர் விவகாரமோ 2020 பிப்ரவரி வரை இழுபட்டு, பேரவைத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் நின்றது. பேரவைத் தலைவர் ஆளுங்கட்சிக்காரராக இருக்கும்வரை இந்தச் சட்டம் கட்சித் தாவலைவிட ஆட்சியின் எண்ணிக்கையைத்தான் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோடி தமிழ்நாட்டில் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தால், கனடா நாடாளுமன்றத்தில் இத்தகைய சட்டமே இல்லை. 2005 மே மாதம் கன்சர்வேடிவ் கட்சியின் பெலிண்டா ஸ்ட்ரோனாக் ஆளுங்கட்சி வரிசைக்குக் கடந்து சென்று லிபரல் அமைச்சரானார். இரண்டு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பு 152-க்கு 152 என்று சமனாகி, சபாநாயகர் வாக்கில் அரசு பிழைத்தது. அவர் பதவி பறிபோகவில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் வாக்காளர் மட்டுமே. 2006-இல் அவர் மீண்டும் வென்றார்.

உயர் நீதிமன்றம் பிரிந்து தீர்ப்பளித்தபோது தமிழ்ச்செல்வனும் வாக்காளரிடமே போக விரும்பினார். வழக்கைத் திரும்பப் பெறுகிறேன், ஆண்டிபட்டிக்கு இடைத்தேர்தல் வரட்டும் என்றார். 18 பேரில் அவருடைய போக்கு தனித்துத் தெரிந்த இடம் அது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில் வந்தபோது அவர் தேனி மக்களவைத் தொகுதிக்கு தினகரனின் அமமுக வேட்பாளராகியிருந்தார். ஆண்டிபட்டியில் திமுகவின் மகாராஜன், அதிமுகவுக்காக நின்ற தம் உடன்பிறப்பு லோகிராஜனையே தோற்கடித்தார். தேனியில் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் வென்றார். தமிழ்ச்செல்வன் மூன்றாம் இடம். ஜூன் 28-இல் மு.க. ஸ்டாலின் முன்னிலையில் திமுகவில் சேர்ந்தார். அப்போது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. எனவே பத்தாம் அட்டவணைக்கு வேலையும் இல்லை.

போடியில் வாக்குக் கேட்பது சமவெளித் தொகுதியில் கேட்பதுபோல் இராது. விடியுமுன் ஜீப்புகள் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்விடும். பகலில் ஊருக்குள் இருப்போரில் கணிசமானவர் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கும் பெண்கள். ஆகவே வேட்பாளருக்கு அதிகாலையும் அந்தியும்தான் நேரம். 2021 ஏப்ரல் 6-இல் தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடக்க, மலைக்கு இரு பக்கமும் பெயர் உள்ளவர்கள் இரட்டை வாக்குப் போடுகிறார்கள் என்ற இடுக்கிக்காரர்களின் பழைய புகார் மறுபடியும் கிளம்பியது. முடிவில் பன்னீர்செல்வம் 11,021 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாவட்டத்தின் மற்ற மூன்று தொகுதிகளும் திமுகவுக்குப் போயின. மலையடிவாரம் சின்னத்தைப் பார்த்ததா, ஆளைப் பார்த்ததா என்று கேட்டால், இந்தத் தொகுதியில் மட்டும் ஆளையும் பார்த்தது என்றே நான் சொல்வேன்.

2024-இல் தேனி மக்களவைத் தொகுதியில் தமிழ்ச்செல்வன் தம் முன்னாள் தலைவர் தினகரனையே 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பெற்ற வாக்கு சுமார் 5.71 லட்சம். 2019-இல் காங்கிரஸின் இளங்கோவன் பெற்ற 4.28 லட்சத்தையும் தமிழ்ச்செல்வன் அமமுகவில் பெற்ற 1.44 லட்சத்தையும் கூட்டினால் ஏறக்குறைய அதே எண் வருகிறது. தம் வாக்கை அவர் அப்படியே சுமந்துகொண்டு வந்தார் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது ஆபத்து. தினகரனும் அதிமுகவும் எதிரணி வாக்கைப் பிரித்துக்கொண்டதே அந்தப் பெரிய வித்தியாசத்துக்கு முதற்காரணம்.

அதே தேர்தலில் போடி எம்எல்ஏ பன்னீர்செல்வம், 2022 ஜூலையில் அதிமுகவிலிருந்து நீக்கப்பட்டிருந்த நிலையில், ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார். அதிமுக வேட்பாளரும் களத்தில் இருந்தார். கட்சி நீக்கினாலும் உறுப்பினர் அவையில் அந்தக் கட்சிக்காரராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால்தான் பதவி போகும் என்பது 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கும் தமிழ்நாட்டு வழக்கே. அதிமுகவால் நீக்கப்பட்டு மதிமுகவில் சேர்ந்த ஜி. விசுவநாதன் தொடுத்தது அது. 2024-இல் பன்னீர்செல்வம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, சுயேச்சையாகத்தான் நின்றார். தேர்தல் முடிந்து போடி எம்எல்ஏவாகவே பேரவைக்குத் திரும்பினார்.