கொழும்பு – லண்டன்: பதினொரு மணித்தியாலம்

கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையே ஆகாயவழித் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். இடையில் தரிக்காத விமானம் இதைப் பதினொரு மணித்தியால அளவில் கடந்துவிடும். ஹீத்ரோவிலிருந்து சவுத்தாலுக்கு இன்னும் ஆறேழு கிலோமீற்றர். 105ஆம் இலக்க பஸ் கொண்டுவந்து சேர்க்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இங்கே உணவகக் குசினிகளில் வேலை செய்யும் நாங்கள் 'வந்துசேர எவ்வளவு காலம் எடுத்தது?' என்று ஒருவரை ஒருவர் கேட்டால், மணித்தியாலத்தில் பதில் சொல்பவர் குறைவு. மாதக் கணக்கில் சொல்வோம். சிலர் வருடக் கணக்கில் சொல்வார்கள். இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1950களில் கொழும்பில் கப்பலேறியவர்கள் சுயஸ் கால்வாய் வழியாக இங்கு வந்துசேர ஏறத்தாழ மூன்று கிழமை எடுத்தது. எயர் சிலோன் 1949இல் லண்டன் சேவையைத் தொடங்கியிருந்தாலும் அது வசதி படைத்தவர்களின் பயணமாகவே இருந்தது. பாதை நீளமானது, ஆனால் கதவு திறந்திருந்தது. 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் வரும்வரை, இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்தவர் இங்கு தங்கி வேலை செய்யத் தனி அனுமதி பெறவேண்டியிருக்கவில்லை.

பிறகு ஜெற் விமானங்கள் வந்தன. 1979இல் எயர் லங்கா பறக்கத் தொடங்கியது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. 1983 ஜூலைக்குப் பின் எம்மவர் உயிர் தப்பி ஓடத் தொடங்கியபோதுதான் கதவு சாத்தப்பட்டது. 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது இப்படி விதித்தது அதுவே முதற்தடவை. அகதியாக வருவதற்கென்று ஒரு விசாவோ கிடையாது.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர் சிலரைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத்தடியிலேயே உடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். நீதிமன்றம் தலையிட்டதால் அன்று அனுப்பப்படவில்லை. அதே ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது: உரிய பத்திரமின்றி ஏற்றிவரும் ஒவ்வொரு பயணிக்கும் விமானக் கம்பனி 1,000 பவுண் தண்டம் கட்டவேண்டும். 1991இல் அது 2,000 ஆனது. அன்றிலிருந்து எங்கள் பயணத்தைத் தீர்மானித்தவர் விமானியல்ல, ரிக்கற் பார்க்கும் ஊழியர். நேரே பறக்க முடியாதவர்கள் ஏஜென்சிக்காரரை நம்பி பாங்கொக், மொஸ்கோ என்று இறங்கிக் காத்திருந்து சுற்றி வந்தார்கள். தூரம் கூடியது; வீட்டில் அடைவு வைத்த நகையும் விற்ற காணியும் கூடின.

திரும்பிப் போவதற்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1988 பெப்ரவரியில் ஐந்து தமிழர்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய மேன்முறையீடு 1989இல் வென்றது. அந்த ஒக்டோபரில்தான் அவர்கள் இங்கு திரும்பிவர முடிந்தது. போவதற்கு ஒரு நாள்கூட ஆகாத வழி, வருவதற்கு இருபது மாதமானது. 1991இல் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றம், அவர்களை அனுப்பியதில் உரிமை மீறல் இல்லையென்று தீர்ப்பளித்தது.

இன்று பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் விடுமுறைக்குப் போய் வருகிறார்கள். அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கோ அது எந்த நாட்டுக்குச் செல்லுபடியானாலும், விட்டு வந்த நாட்டுக்குச் செல்லாது. தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் அடுத்தநாளும் வேலைக்கு வந்து கோப்பை கழுவியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தத் தூரம் பதினொரு மணித்தியாலம்தான்.