சுடும் கண்ணாடி



பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடாத பள்ளிப் பிள்ளை அரிது. நானும் அவ்விளையாட்டில் விரலைச் சுட்டுக்கொண்டவன்தான். அந்தச் சிறு சூட்டுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் மனிதன் அடிக்கடி மறந்துபோகும் ஒரு பாடத்தை இன்று சொல்ல விழைகிறேன்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அரிஸ்டோபனீஸ் எழுதிய 'மேகங்கள்' நாடகத்தில் கடன்பட்ட ஒருவன் வருகிறான். தன்மீதான வழக்கை மெழுகுப் பலகையில் எழுதும்போது, தள்ளி நின்று, வெயிலில் தீமூட்டும் கல்லால் அவ்வெழுத்தை உருக்கிவிடலாம் என்று அவன் திட்டமிடுகிறான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளங்கள் வெயில் பட்டால் துணியை எரிக்கும் என்று எழுதினார். நம் திருமூலரும் சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் உவமையாக எடுத்தாண்டார். கல் தானாகப் பஞ்சைச் சுடாது. கதிரவன் முன்னிலையில்தான் சுடும்.

பிற்காலத்தார் இவ்வாற்றலை வேலை வாங்கினர். 1747-இல் பிரெஞ்சு அறிஞர் பூபோன் பல கண்ணாடிகளை ஒரே இலக்கை நோக்கித் திருப்பி, 150 அடி தொலைவிலிருந்த மரப்பலகையைப் பற்றவைத்தார். 1853-இல் ஸ்காட்லாந்துக்காரரான காம்பெல், மரக்கிண்ணத்துள் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்தார். கதிரவன் நகர நகர மரத்தில் விழுந்த தீத்தடமே வெயில் காய்ந்த நேரத்தின் கணக்காயிற்று.

இவையெல்லாம் சுடுவதற்கென்றே அமைத்த கருவிகள். சுடும் என்று எவரும் நினையாத பொருள் சுடும்போதே ஆபத்து விளைகிறது. 1930-களில் அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் விற்பனைக்கு வந்தது. விமானிக்கு நாற்புறமும் தெரியும்படி, குமிழி போன்ற வளைந்த மூடியை அதனால் செய்தனர். இரண்டாம் உலகப் போரின் விமானங்களிலும், பின்னர் எஞ்சினின்றிப் பறக்கும் கிளைடர்களிலும் அது இடம்பெற்றது.

எங்கும் ஏறத்தாழ ஒரே தடிப்புள்ள அம்மூடி பூதக்கண்ணாடியைப்போல ஒளியைக் குவிப்பதில்லை. ஆனால் தரையில் நிற்கும் கிளைடரின் மூடியைத் திறந்துவைத்தால், அதன் உட்புறம் குழியாடியாகிக் கதிரவனை எதிர்கொள்ளக்கூடும். விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கே திரும்புகிறது. மற்றதில் பெரும்பகுதி ஊடுருவிச் சென்றுவிடுகிறது. ஆயினும் அகன்ற பரப்பில் விழுந்த ஒளியின் அந்த எட்டுப் பங்கு, சிறு கீற்றாகக் குவிந்தால், இருக்கை மெத்தையைக் கருக்கப் போதும். விமானி நிழலில் இளைப்பாறும் வேளையில், கதிரவனோடு அக்கீற்றும் இருக்கையறைக்குள் ஊர்கிறது. இருக்கை வாரில் விழுந்த கருகல் கண்ணில் படாமற்போனால், அவ்வாரை நம்பியே அவன் வானில் ஏறுகிறான். ஆகவே, மூடியைச் சாத்தி அதன்மேல் வெள்ளை உறை போர்த்துவது கிளைடர் ஓட்டுவோரிடையே வழக்கமாயிற்று.

கட்டடம் எழுப்புவோரும் இதை மறந்ததுண்டு. 2010-இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், குழிந்த முகப்புடைய ஹோட்டலொன்றின் ஒளி நீச்சற்குளத்தருகே இருந்தோரைச் சுட்டது. 2013-இல் லண்டனில் அத்தகைய மற்றொரு முகப்பு, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. இரண்டையும் வரைந்தவர் ரஃபாயேல் வின்யோலி என்னும் ஒரே கட்டடக்கலைஞர். லண்டன் கட்டடத்துக்கு மறு ஆண்டே வெயில்மறைப்புகள் பொருத்த நேர்ந்தது.

நாளை உங்களுள் சிலர் விமானமும் மாளிகையும் வரைவீர்கள். பளபளக்கும் வளைவொன்றை வரையும்போது, நாள் முழுதும் கதிரவன் அதன்மீது எவ்வெவ்வாறு விழும் என்பதையும் கணக்கிடுங்கள். இன்றைக்கு, உங்கள் சன்னலோரத்து நீர்க்குடுவையைச் சற்று நிழலுக்கு நகர்த்தி வையுங்கள்.