படச்சுருளும் ஒளியுணரியும்

கொற்கைக்குப் பின் முத்துக்குளிப்பிற்குத் தலையிடமாகிய தூத்துக்குடி சைவ நூலாலும் சிறப்புற்றது. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்திற்கு எழுதிய உரை 1935-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2011 முதல் துறைமுகமும் அவர்கள் பெயரையே தாங்கிநிற்கின்றது. அத்தகைய பழம்பதிப்புக்களும் அவற்றின் முற்பட்ட ஏடுகளும் கடற்காற்றின் ஈரத்தாலும் செல்லாலும் நாடோறும் நைந்துவருவன. அவற்றைப் படமாக்கிக் காத்தற்குப் படச்சுருள் சிறந்ததோ, டிஜிட்டல் காமிராவின் சென்சர் எனப்படும் ஒளியுணரி சிறந்ததோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

நூல்களை மிகச் சிறிதாக்கிச் சுருளிற் பதிக்கும் நுண்படமுறை 1930-களில் மேல்நாட்டு நூலகங்களிற் பரவிற்று. 1994-இல் சென்னையில் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் நூல்கள் பலவற்றை இம்முறையாற் காத்தது. ஒளியுணரியின் முதல் வடிவை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் கண்டனர். 1975-இல் கோடாக் நிறுவனத்துச் சாசன் அமைத்த டிஜிட்டல் காமிரா 10,000 புள்ளிகளே உடையது. இன்றைய காமிராக்கள் பல 2 கோடிப் புள்ளிகளுக்கு மேற்பட்டன.

புள்ளிகளின் தொகையே படத்தின் சிறப்பென்பார் உளர். 35 மில்லிமீட்டர்ச் சுருளின் ஒரு படத்தை அங்குலத்திற்கு 4000 புள்ளியாக ஸ்கேன் செய்யின் ஏறத்தாழ 2.1 கோடிப் புள்ளிகள் உண்டாம்; ஆகலின் இரண்டும் ஒக்கும் என்பர். அது பொருந்தாது. 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன இக்கடலின் முத்துக்குளிப்பில், முத்துக்களைப் பத்துச் சல்லடைகளில் அரித்துப் பருமன் கண்ட பின்னரும், உருட்சியும் ஒளியும் நோக்கியே ஆணிமுத்தைத் தேர்ந்தனர். சல்லடை பருமனைக் காட்டும், ஒளியைக் காட்டாது. புள்ளித்தொகையும் அத்தன்மைத்தே.

அற்றேல், படத்தின் சிறப்பு யாதெனின், ஐயமும் திரிபும் நீங்கிய காட்சி என்க. சுருளில் நுண்ணிய வெள்ளி மணிகள் உள. ஸ்கேன் கருவி எழுத்தோடு அவற்றையும் சேர்த்தே பதியும். கறுப்பு வெள்ளைச் சுருளில் மெய்யெழுத்தின் புள்ளியும் பூச்சியரித்த துளையும் ஒருநிறமாய்த் தோன்றுதலின் ஐயம் பிறக்கும். அன்றியும் அது படியின் படி. சுருளில் விழாத கீறலை எக்கருவியும் மீட்டுத்தராது. ஒளியுணரியோ மூலத்தை நேரே வண்ணத்தோடு கொள்வது. எடுத்த கணமே படத்தைக் கண்டு, விளக்கைப் பக்கவாட்டில் மாற்றி, மை நீங்கிய கீறலையும் தெளியலாம்.

ஆயினும் ஒளியுணரி குற்றமற்றதன்று. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒன்றையே கொள்ளும். ஏனைய இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுவன. அஃது அநுமானமேயாம். எழுத்தைக் கூர்மையாக்கும் கணக்கு மிகுமாயின், கீறலருகே இல்லாத விளிம்பு தோன்றும், இது திரிபு. ஒளி மிகின் வெண்பகுதி முற்றும் அழியும். நெகட்டிவ் சுருள் அம்மிகுதியை ஓரளவு தாங்கும்.

ஒரெழுத்துப் பாடபேதத்தாற் சூத்திரத்தின் பொருளே வேறுபடுதலைக் கற்றோர் அறிவர். ஆதலின் ஏடு உளதாயின் ஒளியுணரியால் நேரே படமெடுத்தலும், கூர்மையாக்காத முதற்பதிவைத் தனியே பேணுதலும் கடன். ஏடு அழிந்து சுருளே எஞ்சியவிடத்துச் சுருளே மூலம். ஸ்கேன் செய்தபின்னும் அதனை எறிதல் கூடாது. பழைய அசிட்டேட் சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளிநாற்றம் வீசிச் சுருங்குமாகலின், அதனை ஸ்கேன் செய்தலிற் காலந்தாழ்த்தலும் தகாது.

புதுச்சேரியிற் பேணப்பெறும் சைவ ஏட்டுத் தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இல்லங்களில் எஞ்சிய ஏடுகளுக்கு அக்காவல் இல்லை. அவற்றை உடையார், செல் முந்துவதற்குமுன், படமெடுக்க மனமுவந்து அளிப்பாராக.