ஏழ்மை கொல்லும் வழி: கட்சிரோலியின் பச்சிளங்குழந்தை மரணங்கள்

தொலைதூர வட்டாரங்களில் குழந்தைகள் மிகுதியாக இறப்பதற்கு வறுமை, தாயின் கல்வியின்மை என்னும் இரு காரணங்கள் வழக்கமாகச் சுட்டப்படுகின்றன. இரண்டும் உண்மையே. நைஜீரியத் தரவுகளைக் கொண்டு ஜான் கால்டுவெல் 1979இல் எழுதியதிலிருந்து, வருமானத்தைச் சாராமலே தாயின் கல்வி குழந்தையின் உயிரைக் காக்கிறது என்பது மக்கள்தொகையியலில் வேரூன்றிய கருத்து. ஆனால் ஆய்வாளர்கள் மாஸ்லியும் செனும் 1984இல் வகுத்துக் காட்டியபடி, சமூகக் காரணிகள் ஏதேனும் ஒரு நெருங்கிய காரணத்தின் வழியாகத்தான் உடலைத் தொடுகின்றன. பிறந்த முதல் மாதத்தைப் பொறுத்தவரை அந்த வழிகளில் முதன்மையானது, நோயுற்ற குழந்தைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தொலைவு. அது கிலோமீட்டரில் அளக்கக்கூடியது மட்டுமன்று. இழக்கும் நாட்கூலி, பெற வேண்டிய அனுமதி, மீற வேண்டிய தீட்டு ஆகியவையும் அதில் அடங்கும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் இணையரின் 'சர்ச்' நிறுவனம் 1995–96இல் பிறந்த குழந்தைகளை வீடுதோறும் கண்காணித்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது; மருத்துவர் பார்த்ததோ 2.6 விழுக்காட்டினரை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது 0.4 விழுக்காட்டினர். இந்த இடைவெளியை 'அறியாமை' என்ற சொல்லால் மூடிவிடுவது ஆய்வாளர்களின் சோம்பல். அதன்பின் 39 ஊர்களில், சில ஆண்டுகளே பள்ளி சென்ற உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, வீட்டுக்கே சென்று குழந்தையைக் கதகதப்பாக வைக்கவும், தாய்ப்பாலூட்ட உதவவும், தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போடவும் செய்தனர். ஆயிரம் பிறப்புகளுக்கு 62ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 25 அளவுக்கு இறங்கியது. அவ்வூர்களின் ஏழ்மை அந்த மூன்றாண்டுகளில் நீங்கிவிடவில்லை.

அப்படியென்றால் ஏழ்மை பொருட்டில்லையா? இந்த மறுப்பு வலுவானது. அங்கே பத்தில் நான்கு குழந்தைகள் எடை குறைந்தே பிறந்தன. ஆனால் வறுமை ஆபத்தை உண்டாக்குகிறது. அந்த ஆபத்து சாவாக முடியுமா என்பதைப் பெரிதும் தொலைவு தீர்மானிக்கிறது. எடை குறைந்து பிறந்தவர்களுள் இறந்தோரின் விகிதம் பாதிக்கும் கீழே போனதை வேறெப்படி விளக்குவது? இன்னொரு மறுப்பு, கட்சிரோலி ஆய்வு சீரற்ற ஒதுக்கீட்டு முறையில் நடந்ததன்று, அர்ப்பணிப்புள்ள ஒரு நிறுவனத்தின் சாதனை என்பது. நியாயமான ஐயம். எனினும் நேபாளத்தின் மக்வான்பூரில் அம்முறையிலேயே நடந்த ஆய்வில், தாய்சேய் நலம் பற்றிப் பேச மகளிர் குழுக்கள் கூடிய பகுதிகளில் இறப்பு ஆயிரத்துக்கு 26.2, மற்றவற்றில் 36.9. ஜார்க்கண்ட், ஒடிசாவில் எக்ஜுட் அமைப்பின் இத்தகைய மகளிர் குழுக்களால் கிடைத்த பயன், மிகவும் ஒதுக்கப்பட்டோரிடமே கூடுதலாக இருந்தது. மருந்தே தராத இக்குழுக்கள் குறைத்தது அனுமதியும் தயக்கமும் சார்ந்த தொலைவை என்றே நான் கொள்கிறேன்.

2011இல் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வழியாக வீட்டுவழிப் பராமரிப்பு நாடு முழுதும் ஏற்கப்பட்டது. ஜென்டாமைசின் ஊசியை மட்டும் 2014 வழிகாட்டுதல் கிராமச் செவிலியரிடம், அதுவும் குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்கென, ஒப்படைத்தது. பழங்குடிப் பகுதிகளில் அச்செவிலியர் பணியாற்றும் துணை சுகாதார மையம் 3000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். அந்த 3000 பேரும் ஒரே ஊரில் வாழ்பவர்கள் அல்லர்.