ரங்கசாமி சிகரமும் வீட்டு விமானமும்

பவானி நதி மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் கால்வைக்கின்ற இடத்தில், பாக்குத் தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் சூழ அமைந்திருக்கும் மேட்டுப்பாளையத்தை, நீலகிரிக்குப் பிரயாணம் செய்வோர் வண்டி மாறும் ஊராகவே பெரும்பாலும் அறிந்திருக்கிறார்கள். 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி இங்கிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதலாக, பல்சக்கரம் பல்லிருப்புப் பாதையைக் கவ்விக்கொண்டு செங்குத்தான சரிவில் ஏறுகின்ற வித்தையை இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகிறார்கள். தரையிலிருந்து ஏறுகிறவனுக்குப் படியாக அமைகின்ற அந்த மலை, ஆகாய மார்க்கமாக வருகிறவனுக்குச் சுவராகவும் நின்றிருக்கிறது. அந்தச் சரித்திரம் நம்மவர்களால் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஊருக்கு வடக்கே, கோத்தகிரி மலைத்தொடரின் கீழ்க்கோடியில், ஏறக்குறைய 5,850 அடி உயரத்தில் ரங்கசாமி சிகரம் நிற்கிறது. காரமடையில் கோயில் கொண்டிருக்கும் ரங்கநாதர், தேவியோடு பிணங்கிக்கொண்டு மலையேறி வந்து இந்தச் சிகரத்தில் தனித்து அமர்ந்துவிட்டார் என்பது கர்ணபரம்பரையாக வழங்கும் கதை. பாறையில் பதிந்த பாதச் சுவடுகளை அதற்குச் சாட்சியாகக் காட்டுவதும் உண்டு. சுவாமி கோபித்துக்கொண்டு ஏறிய அந்த மலைப்பகுதியில்தான், 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி, பம்பாயிலிருந்து கோயமுத்தூரை நோக்கி வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் டகோட்டா விமானமொன்று மோதி, அதிலிருந்த 21 பேரும் மாண்டார்கள்.

மாண்டவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட் என்னும் கணித மேதை. இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, மனைவியோடு இந்நாட்டில் பிரசங்கப் பிரயாணம் செய்துகொண்டிருந்தவர். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, குண்டுவீச்சு விமானங்களின் எந்தப் பாகத்துக்குக் கூடுதல் கவசம் வேண்டும் என்ற பிரச்சினை அமெரிக்க ராணுவத்துக்கு எழுந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டுத்துளைகள் மிகுந்திருந்த இடங்களே கவசம் வேண்டிய இடங்கள் என்று எவருக்கும் தோன்றும். வால்ட் நேர்மாறாகச் சிந்தித்தார்: அவ்விடங்களில் அடிபட்டும் அவ்விமானங்கள் திரும்பியிருக்கின்றன, துளையே காணப்படாத இடங்களில் அடிபட்டவையோ திரும்பி வரவேயில்லை, ஆகையால் கவசத்தை அங்கே இடுவதே உசிதம். மீண்டு வந்தவற்றை மாத்திரம் பார்த்துக் கற்கிற பாடம் குறையுள்ள பாடம் என்று உலகுக்கு உணர்த்திய அந்த மனிதர், மீளாத விமானமொன்றில் நம் மலையருகே முடிவெய்தினார் என்பது விதியின் விசித்திரங்களில் ஒன்று.

அந்த டகோட்டா இறங்கவேண்டியிருந்த கோயமுத்தூர் விமான நிலையம், 1940-இல் பீளமேட்டில் திறக்கப்பட்டது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையமொன்றை இவ்வூரில் நிறுவி, அதற்குக் ‘கருடா’ என்று பெயரும் இட்டிருந்தது. 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஸ்தாபனம் உருவானபின், பஞ்சாலை முதலாளிகளையும் காப்பித் தோட்டத்துரைமார்களையும் சுமந்துகொண்டு முதலில் டகோட்டாக்களும், பின்னர் ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப்பும் ஆவ்ரோவும் இங்கே வந்து போயின. பின்னவை இரண்டும் டர்போப்ராப் வகையைச் சேர்ந்தவை. ஆவ்ரோவோ நம் நாட்டிலே கான்பூரிலும் உருவான விமானம்; அங்கே செய்யப்பட்டவற்றுள் முதலாவது 1961 நவம்பர் 1-ஆம் தேதி பறந்தது.

டர்போப்ராப் என்பது யாது? டகோட்டாவின் யந்திரம், நம் ஊர் மோட்டார் வண்டியைப்போல, உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி இயங்குவது. டர்போப்ராப்பிலோ, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருள் எரிந்து பொங்கும் வெப்பவாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சுழற்சி பற்சக்கரங்களின் வழியாக வேகம் தணிந்து புரொப்பெல்லருக்குச் செல்கிறது. ஃபாக்கருக்கும் ஆவ்ரோவுக்கும் பொதுவாக அமைந்த ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் யந்திரத்தின் உட்சக்கரம் நிமிஷத்துக்கு 15,000 தடவை சுழலும். வெளியே புரொப்பெல்லர் அதில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே சுழலும். அந்த உட்சக்கரத்தின் கீச்சென்ற ஓலம், விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே காதுக்கு வந்துவிடும். குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கவும், அண்டையிலுள்ள ஊர்களுக்குச் சிக்கனமாகப் பறக்கவும் டர்போப்ராப்புக்கு நிகரில்லை. எண்பதுகளின் முற்பகுதியில் விரிவாக்கத்துக்காக மூடப்பட்ட பீளமேட்டு நிலையம், போக்குவரத்தைச் சூலூருக்கு மாற்றிவிட்டுப் பின்னர் 1987-இல் ஜெட் விமானங்களுக்கு ஏற்ற நீண்ட பாதையோடு திறக்கப்பட்ட பிறகும், டர்போப்ராப்புக்குக் கொங்கு நாட்டில் வேலை தீர்ந்துவிடவில்லை. 2018 மார்ச் 25-ஆம் தேதி சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே மறுபடி விமானம் ஓடத் தொடங்கியபோது, வந்து இறங்கியது ஏ.டி.ஆர். என்னும் டர்போப்ராப்தான்.

யந்திரம் எத்துணை உயர்ந்ததாயினும், மூடுபனிக்குள் மலை மறைந்திருப்பதை அது மாற்றிவிடாது. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோவொன்று, இறங்குவதற்காகத் தாழ்ந்துவரும் வேளையில் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள்.

மேகத்துக்குள் புகுந்த விமானிக்கு வானமும் பூமியும் ஒன்றாகிவிடுகின்றன. சாய்ந்து பறக்கிறவன் நேராகப் பறப்பதாக நினைக்கிறான். உடம்பு சொல்வது பொய்யாகவும், எதிரேயிருக்கும் கருவி சொல்வது மெய்யாகவும் ஆகிவிடுகிறது. உடம்பை நம்பாமல் முள்ளை நம்பும் பழக்கத்தைத் தரையிலேயே ஏற்படுத்த முடியாதா என்ற யோசனையிலிருந்து பிறந்ததே பாவனை விமானம். அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவரின் மகனான எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் ஆடுகின்ற ஒரு சிறு மரவிமானத்தை 1929-இல் உருவாக்கினார். கேளிக்கைத் திடல்களில் மக்கள் ஏறி விளையாடுவதற்கே அது முதலில் பெரும்பாலும் பயன்பட்டது. 1934-இல் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்ற அமெரிக்க ராணுவ விமானிகள், குளிர்காலத்து மேகத்திலும் பனியிலும் அடுத்தடுத்து மடியக் கண்ட பின்னரே, அரசாங்கம் லிங்கிடமிருந்து ஆறு பாவனை விமானங்களை வாங்கியது. உலகயுத்தம் முடிவதற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுவிட்டன. விளையாட்டுப் பொருளை வித்தையாக மாற்றியவர்கள், மீளாத விமானிகளே.

அந்த வித்தை மீண்டும் வீட்டுக்குள் விளையாட்டாக நுழைந்ததற்குக் காரணர் புரூஸ் ஆர்ட்விக். 1979-இல் அவர் ஆப்பிள் கணிப்பொறிக்காக வெளியிட்ட பாவனையில் மலையென்பது சில கோடுகளாக இருந்தது. 1982-இல் அதையே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏற்று வளர்த்தது. 1995-இல் ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் வந்தது. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாஃப்டின் புதிய பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு பூமண்டலம் முழுவதையும் வரைந்து வைத்தது. அதில் நம் நீலகிரியும், ஏறக்குறைய அதன் மெய்யான உயரத்தோடும் வடிவத்தோடும், வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்தது. அதே பதிப்பில் பறப்பதற்கென 2023-இல் ஏ.டி.ஆர். விமானமும் வெளியாயிற்று.

என் தங்கை மகன் இத்தகைய பாவனையில் பறக்கும் வீட்டு விமானி. காரமடைச் சாலையிலுள்ள அவர்கள் வீட்டு மாடியில், ஒரு மேஜையும் திரையும் கைப்பிடியுமே அவனுடைய விமானம். ஜெட்டை விடுத்து டர்போப்ராப்பை ஏன் விரும்புகிறான் என்று கேட்டேன். ஜெட்டில் ஏறியவுடன் ஊர் கீழே மறைந்துவிடுகிறது. டர்போப்ராப்பிலோ தாழப் பறக்கலாம், தோப்பு தெரியும், ஆறு தெரியும், மலையோடு மலையாகப் போகலாம் என்றான். வேலையும் அதில் அதிகம். விசைப்பிடியை, யந்திரத்தின் முறுக்குவிசை எவ்வளவு ஏறுகிறது என்பதை முள்ளில் பார்த்துக்கொண்டே தள்ளவேண்டும். இறங்கும்போது விசையை முற்றிலும் குறைத்தால், புரொப்பெல்லரின் இலைகள் காற்றுக்கெதிரே தட்டைப்பட்டு, விரித்த குடைபோல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆரம்பகாலப் பாவனைகள் டர்போப்ராப்பின் இந்தக் குணங்களைச் சரிவர உணர்த்தவில்லை என்பது இத்துறையில் ஊறியவர்கள் பலரும் கூறிய குறை.

ஒருநாள் மாலை அவன் அருகே நானும் உட்கார்ந்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்றைப் பாவனையில் அமைத்துக்கொண்டு, பீளமேட்டில் மேற்குத் திசை நோக்கி ஓடி எழும்பி, வலப்புறம் திரும்பி, காரமடைக் கோயிலையும் மேட்டுப்பாளையத்துப் பவானிப் பாலத்தையும் தாண்டினான். பிறகு, வால்டின் கதையை நான் சொல்லக் கேட்டிருந்தவனாதலால், மாதத்தை டிசம்பராக மாற்றி, மலைமேல் மேகத்தைப் பரப்பிவிட்டு, 5,000 அடி உயரத்தில் வடக்கே சென்றான். திரை முழுதும் வெள்ளையாயிற்று. முட்கள் யாவும் ஒழுங்காகவே நின்றன. யந்திரத்தில் ஒரு குறையுமில்லை. அடுத்த கணம் வெள்ளையினுள்ளே ஒரு கருமை தோன்றியது, அவ்வளவுதான்.

“மாமா, மலை அங்கயேதானுங்க இருந்துச்சு, நமக்குத்தானுங்க தெரியல” என்றான் அவன். ஒரு பொத்தானை அமுக்கினான். விமானம் மறுபடியும் பீளமேட்டு ஓடுபாதையின் தலைப்பில் நின்றது.

இந்த விளையாட்டின் மேன்மை அந்தப் பொத்தானில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மெய்யான ஆகாயத்தில் பிழை செய்தவன் பல சமயங்களில் திரும்பி வந்து சொல்வதில்லை. சூலூர் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த ஏ.என்.-32 என்னும் டர்போப்ராப் விமானம், 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு வங்கக்கடலின் மேலே மறைந்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், அதன் சிதைவுகள் எனக் கருதப்பட்டவை தென்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வெளியாயிற்று. அதே சூலூரிலிருந்து 2021 டிசம்பர் 8-ஆம் தேதி வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரும் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் சூழ்ந்த மேகத்துக்குள் புகுந்ததே அதற்குக் காரணமென்று விசாரணை கூறியது. 1950, 1971, 2021 என்னும் மூன்று ஆண்டுகளிலும் மலையில் நேர்ந்த இவ்விபத்துகள், டிசம்பர் 8-க்கும் 13-க்கும் இடைப்பட்ட ஆறு நாட்களுக்குள் அமைந்திருப்பதை யதேச்சை என்று கொள்வோரும் கொள்ளலாம். ஆயினும் கார்த்திகை மாதத்து மலைமுகட்டில் விடிந்தும் விலகாத மஞ்சைப் பார்த்திருக்கிற நம்மூர்க்காரனுக்கு அதில் ஆச்சரியம் குறைவு.

வீட்டில் பறப்பவன் விமானியாகிவிட மாட்டான் என்பதையும் சொல்லவேண்டும். நாற்காலி ஆடுவதில்லை; வயிறு புரள்வதில்லை; பின்னிருக்கையில் எவர் உயிரும் இல்லை. பயமில்லாத இடத்தில் பழகிய துணிவு, பயமுள்ள இடத்தில் அப்படியே நிற்கும் என்று எண்ணுவது பேதைமை. ஆயினும், மீண்டவர்களின் அனுபவத்தை மாத்திரம் கொண்டு கற்கலாகாது என்ற வால்டின் போதனையை, மீளாதவனாகவும் ஒருமுறை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்து கற்கும்படி செய்கிற சாதனம், எனக்குத் தெரிந்தவரையில் இது ஒன்றுதான்.

மலைப்பிரதேசத்தில் மேகத்தினூடே பறப்பவன், சுற்றுப்புறத்தின் மிக உயர்ந்த முகட்டுக்கும் மேலே குறைந்தது 2,000 அடி இடைவெளி விட்டே பறக்கவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து விதி. மறுவாரம் நான் போயிருந்தபோது, என் மருமகனுடைய திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. தொட்டபெட்டா 8,650, மேலே 2,000, ஆக 10,650 என்று அதில் எழுதியிருந்தான்.